சிவப்புக் கோட்டை நம்பாத அக்காவுக்கு

அலைகளுக்கு அப்பால் தவிக்கும் உயிர்களின் அவலக் குரலை அரை நொடியில் அறிந்துகொள்ளும் அருஞ்செவியே! கரையில் அமர்ந்தபடியே கடலைக் கரைத்துக் குடித்த கட்டுப்பாட்டு அறையின் கண்மணியே! முப்பத்தோராண்டுக் காலம் முதுகு வலித்தபோதும் முகம் சுளிக்காத, கடல் மீட்பு நிலையத்தின் முதுநிலை வானொலி இயக்குநரே! அன்பர்கள் "அக்கா" என்றும், உங்களிடம் மாட்டிக்கொண்டவர்கள் "குறுக்கு விசாரணை" என்றும் வழங்கிய இரு பெயர்களையும் ஒரே புன்னகையோடு ஏற்றுக்கொண்ட பெருந்தகையே! எதிலுமே ஒத்துப்போகாத எங்கள் மூன்று பிரிவினரும், உங்கள் பொருட்டு ஒரே தாளில் கையெழுத்திட்டு, உங்கள் முன் நின்று வாசித்தளிக்கும் மடல் இது. வணக்கம்.

இத்தகைய மடலில் பண்புகளைப் பட்டியலிடுவது மரபு. நேரந்தவறாமை என்று தொடங்கலாம். ஆறு மணிப் பணிக்கு ஐந்து நாற்பதுக்கே வந்து, முந்தைய பணியில் இருந்தவரை, "கண்ணு சொக்குதே, எத்தனை மணிக்குத் தூங்கினீங்க" என்று விசாரித்துச் சங்கடப்படுத்தியவர் நீங்கள். பொறுமை என்று தொடரலாம். ஆனால் மேடையில் அமர்ந்திருக்கும் நிலைய அலுவலர் அதை மறுக்கக்கூடும். ஆகையால் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, உங்களிடம் இருந்த ஒரே ஒரு குணத்தைப் பற்றி மட்டும் பேசுவதென்று முடிவெடுத்தோம். எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டீர்கள். அந்தக் குணம்தான்.

உங்கள் அறையின் ஜன்னல் கடலைப் பார்த்ததே இல்லை. அது பார்ப்பது இருசக்கர வாகன நிறுத்தத்தை. கடல் மீட்பு அறையிலிருந்து கடல் தெரிய வேண்டாமா என்று, பணியில் சேரும் ஒவ்வொருவரும் முதல் வாரம் வியப்பார்கள். உங்கள் பதிலும் மாறியதில்லை: "கண்ணுக்குத் தெரிஞ்சா கேக்கத் தோணாது."

ஆபத்தில் இருக்கும் படகு அழைத்தால் கேட்பதற்கென்று நம்மிடம் எட்டுக் கேள்விகள் அச்சிட்டு ஒட்டப்பட்டிருக்கின்றன. படகின் பெயர், இடம், எத்தனை பேர், என்ன ஆபத்து என்று போகும் அந்த எட்டோடு எங்கள் கடமை முடிந்தது. உங்கள் கடமை அங்கிருந்துதான் தொடங்கியது. சட்டைப் பையில் என்னென்ன இருக்கிறது? படகில் இன்று முதலில் ஏறியவர் யார்? யாரோடு யார் பேசுவதில்லை? படகு முழுகப் போகிறது என்று ஒருவர் அலறும்போது, "உங்க வீட்ல யாரு முதல்ல எழுந்திருப்பாங்க" என்று கேட்டவர் உலகிலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருக்க முடியும். 'அவசர அலைவரிசையில் அவசியமற்ற உரையாடலைத் தவிர்க்கவும்' என்று உங்கள் பெயருக்கே ஒரு சுற்றறிக்கை வந்தது. அதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் பத்திரமாக வைத்து, அதன்மேல் உங்கள் ஃபிளாஸ்கை நிறுத்தினீர்கள். வட்டக் கறை இன்னும் இருக்கிறது.

இனி, இந்த அவையினர் அறிய வேண்டிய ஒரு செய்தி. நம் அறையில் அன்று ஒரு வழக்கம் இருந்தது. படகின் இடத்தைக் குறிக்கும் எண்ணை இடைவெளி விட்டு மூன்று முறை கேட்க வேண்டும். மூன்று முறையும் ஒரே எண் வந்தால், வெள்ளைப் பலகையில் அதன் கீழே சிவப்புக் கோடு போட வேண்டும். கோடு போட்டபின் அது உறுதி. யாரும் மறுபடி அதைக் கிளறக் கூடாது. பதற்றத்தில் எண்ணை மாற்றிச் சொல்கிறவர்கள் உண்டு என்பதால் யாரோ புத்திசாலி ஏற்படுத்திய முறை. நாங்கள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டோம்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை மணி ஒன்பது பத்து. கரையிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாலைக் கொட்டியதுபோல் மூட்டம். அவசர அலைவரிசையின் ஒலிபெருக்கியில் ஒரு குரல் கரகரத்தது.

பேசியவர் டைல்ஸ் பதிக்கும் தொழிலாளி. அந்தப் பழைய படகை வாங்கி மூன்றே வாரம் ஆகியிருந்தது. உடன் இருந்தவர்கள் இருவர். ஒருவர் அவருடைய மாமனார், ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர். இன்னொருவர் மச்சான், மனைவியின் தம்பி. எஞ்சின் நின்றுவிட்டது, அடியில் எங்கோ பலகை விரிசல் விட்டுத் தண்ணீர் ஏறுகிறது, மூவரின் கைப்பேசிகளும் ஒரே பையில் இருந்தன, அந்தப் பை தண்ணீரில் இருக்கிறது, மிதவை அங்கி இரண்டுதான். தண்ணீர் கணுக்கால் மட்டம். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னார்.

நீங்கள் எட்டுக் கேள்விகளையும் கேட்டீர்கள். இடத்தைக் கேட்டதும், ஜி.பி.எஸ். திரையில் இருந்த எண்ணைத் தடங்கலின்றிப் படித்தார். துறைமுகத்துக்கு நேர் கிழக்கே ஒன்பது கடல் மைல். நேராகத்தான் வந்தீர்களா என்று கேட்டீர்கள். "ஆமா மேடம், நேராத்தான் வந்தோம்" என்றார், கொஞ்சம் சுள்ளென்று.

ஒன்பது பதினெட்டுக்கு மீட்புப் படகு கிளம்பியது. சுக்கான் என்று நாம் அனைவரும் செல்லமாக அழைக்கும் நம் படகு ஓட்டுநர், மூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போனார். இருபதுக்கு இரண்டாம் முறை எண் கேட்கப்பட்டது. அதே எண். முப்பதுக்கு மூன்றாம் முறை. அதே எண், கடைசி இலக்கம் வரைக்கும். எங்களில் ஒருவர் எழுந்து போய்ப் பலகையில் சிவப்புக் கோடு போட்டார். அளவுகோல் வைத்துப் போட்டதுபோல் அத்தனை நேராக வந்தது அந்தக் கோடு. தண்ணீர் அப்போது கெண்டைக்காலுக்கு வந்திருந்தது.

ஒன்பது நாற்பதுக்குச் சுக்கான் அந்த இடத்தை அடைந்தார். படகு இல்லை. ஆள் இல்லை. ஒரு பலகைத் துண்டுகூட இல்லை.

நாங்கள் அசரவில்லை. மூட்டம் இருக்கிறதே, பக்கத்தில்தான் எங்கோ இருப்பார்கள் என்றோம். எஞ்சினை நிறுத்திக் காது கொடுக்கச் சொன்னோம். ஹாரன் அடிக்கச் சொன்னோம். ஹாரன் கேட்கிறதா என்று டைல்ஸ்காரரைக் கேட்டோம். கேட்கவில்லை என்றார். காற்று எதிர்ப்பக்கம் போலிருக்கிறது என்று எங்களுக்கு நாங்களே பதிலும் சொல்லிக்கொண்டோம். சுற்றிச் சுற்றித் தேடும்படி நிலைய அலுவலர் உத்தரவிட்டார். அலைவரிசையைக் காலியாக வைக்கும்படி உங்கள் பக்கம் திரும்பிச் சொன்னார். அவர் சொன்னது முறைப்படி சரி.

நீங்கள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். குழந்தை ஒன்று சத்தம் போடாமல் விளையாடினால் தாய்க்கு வருமே ஒரு சந்தேகம், அப்படி ஒரு பார்வை.

"கடலுக்கு நடுவுல எஞ்சின் நின்ன படகு. காத்து தள்ளுது, நீரோட்டம் இழுக்குது. இருபது நிமிஷமா எண் மட்டும் ஏன் நகரவே இல்லை?"

அறையில் ஆறு பேர் இருந்தோம். அனைவருக்கும் சேர்த்து நூறு ஆண்டு அனுபவம். ஒருவருக்கும் இது தோன்றியிருக்கவில்லை. ஒரே எண் மூன்று முறை வந்ததை நாங்கள் உறுதி என்று எடுத்துக்கொண்டோம். மிதக்கிற படகு மூன்று முறையும் ஒரே எண்ணைச் சொன்னால், அது நங்கூரம் போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் சொல்வது அதன் இடமே இல்லை. அந்தப் படகில் நங்கூரம் கிடையாது. எட்டாவது கேள்விக்கு அவர் சொன்ன பதில் அது. எங்கள் கையெழுத்திலேயே தாளில் இருந்தது.

பிற்பாடு தெரிந்த விவரம் இது. படகை விற்றவர், இங்கே போனால் மீன் அள்ளலாம் என்று ஓரிடத்தை அந்தக் கருவியில் குறித்துக் கொடுத்திருந்தார். காலையில் கிளம்பும்போது டைல்ஸ்காரர் அந்தக் குறியைத் தட்டிவிட்டார். திரையில் பெரிதாகத் தெரிந்தது அவர் போய்ச் சேர வேண்டிய இடத்தின் எண். நிற்கும் இடம் கீழே மூலையில், எறும்பு எழுத்தில் இருந்தது. அவர் படித்தது பெரியதை.

ஆனால் அந்த நிமிடம் நம் கையில் இருந்தது ஒரு சந்தேகம் மட்டுமே. எண் தவறென்றால் சரியான இடம் எது? கடல் என்ன, கையளவு குளமா? மணி ஒன்பது நாற்பத்தெட்டு. தண்ணீர் முழங்காலைத் தொட்டுவிட்டது.

நீங்கள் உத்தரவை மீறி மைக்கை எடுத்தீர்கள். திசையையோ தூரத்தையோ கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தோம்.

"தம்பி, இன்னைக்குப் படகுல உங்களுக்குள்ள ஏதாவது சண்டையா?"

நிலைய அலுவலர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பிறகு, எரிச்சல் தெறிக்க, அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு மேடம் என்றார் டைல்ஸ்காரர். அந்த வாக்கியம் முடிவதற்குள் பின்னாலிருந்து ஒரு பெரியவரின் குரல் நுழைந்தது.

"சொல்லுங்களேன் மாப்பிள்ளை, இதுல என்ன கௌரவம். கரையோரமா போங்கன்னு நான்தான் சொன்னேன்."

அங்கே அவிழ்ந்தது முடிச்சு. மாமனாருக்குக் கரை கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆழ்கடல் என்றால் ஆகாது. அவர் பேச்சுக்குக் கட்டுப்பட்டு மாப்பிள்ளை கிழக்கே போகாமல் தெற்கே திரும்பிவிட்டார். மாமனார் சொல்லுக்குப் படகைத் திருப்புகிற கேப்டன் என்று மச்சான் வழியெல்லாம் கேலி செய்திருக்கிறார். அந்தக் கேலிக்குப் பயந்துதான், நேராக வந்தீர்களா என்று நீங்கள் கேட்டபோது, ஆமாம் என்று சுள்ளென்று விழுந்தார் அந்த மனிதர். திரைதான் இடத்தைச் சொல்கிறதே, வந்த வழி எதற்கு என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. குடும்பக் கௌரவம் ஒன்பது மைல் கிழக்கே நின்றது. குடும்பம் வேறெங்கோ முழுகிக்கொண்டிருந்தது.

மாமனாரிடம் மைக்கைக் கொடுக்கச் சொன்னீர்கள். பொன்னான முடிவு. முப்பது ஆண்டுகள் பேருந்தில் நேரம் பார்த்தே பழகியவர், படகிலும் பார்த்திருந்தார்.

"கிளம்புனது எட்டு இருபத்தஞ்சும்மா. எட்டு நாப்பத்திரண்டுக்கு ரெட்டைப் புகைபோக்கியைத் தாண்டுனோம். அப்புறம் மூட்டம். எட்டு அம்பத்தஞ்சுக்கு வண்டி நின்னுபோச்சு."

வண்டி என்றுதான் சொன்னார். என்ன சத்தம் கேட்கிறது என்று கேட்டீர்கள். பறவைகள் கத்துவதாகச் சொன்னார். முன்பைவிடப் பக்கத்திலா, தொலைவிலா என்று கேட்டீர்கள். வரவரப் பக்கத்தில் கேட்பதாகச் சொன்னபோது, சுவரில் இருந்த வரைபடத்தை நாங்கள் அனைவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம். கரையில் நிற்கும் இரட்டைப் புகைபோக்கிக்குத் தெற்கே பறவைகள் அடைகிற இடம் ஒன்றே ஒன்றுதான். பாறைத்திட்டு. அதில் மோதிய படகுகளின் கதை நம் கோப்பு அலமாரியில் இரண்டு தட்டு நிறைய இருக்கிறது.

சுக்கானை அழைத்துத் தென்மேற்கே திரும்பச் சொன்னீர்கள். அவர் தயங்கியதில் நியாயம் இருந்தது. இருக்கும் ஒரே மீட்புப் படகு அது. உங்கள் கணக்குப் பிசகினால், மூன்று பேர் இருக்கிற இடத்தை விட்டு இல்லாத இடத்துக்கு ஓடியதாக முடியும். சிவப்புக் கோடு போட்டாகிவிட்டது என்றார்களே அக்கா என்று கேட்டார்.

"போட்டது நாம. கடல் போடலை."

நிலைய அலுவலரைப் பார்த்தீர்கள். தவறாகப் போனால் என்ன ஆகும் என்று அவர் கேட்டார். தவறாகப் போனால் உங்கள் பெயரில் எழுதிக்கொள்ளச் சொன்னீர்கள். அவர் பலகையை ஒரு முறை பார்த்தார். பிறகு உங்கள் கையிலிருந்து மைக்கை வாங்கி, திரும்பு என்று அவரே ஆணையிட்டார். இன்று மேடையில் அவர் தலைமை வகிப்பதற்கு எங்கள் கண்ணில் அந்த ஒரு சொல்லே தகுதி.

இருபத்து மூன்று நிமிட ஓட்டம். அந்த இருபத்து மூன்று நிமிடமும் நீங்கள் நடத்திய விசாரணையை எங்களால் மறக்க இயலாது. டைல்ஸ் பசை கரைக்கும் வாளியால் மச்சான் தண்ணீரை இறைத்துக்கொண்டிருக்க, மாப்பிள்ளையின் வேலை எப்படி என்று மாமனாரிடம் கேட்டீர்கள். எங்கள் வீட்டுக் குளியலறையில் கோடு நேராக வரவில்லை என்று அவர் புகார் வாசித்தார். உங்கள் சுவரே கோணல் மாமா, அதுக்கு நான் என்ன பண்ண முடியும் என்று மாப்பிள்ளை பாய்ந்தார். சண்டை போடுகிறவனுக்குச் சாகப் பயப்பட நேரமில்லை என்பதை அன்றுதான் கற்றோம். தண்ணீர் தொடைக்கு வந்தது. பறவைச் சத்தம் இப்போது மைக்கிலேயே கேட்டது.

பத்து பதினைந்துக்குச் சுக்கான், திட்டை நெருங்கிவிட்டதாகவும், கை நீட்டினால் கை தெரியவில்லை என்றும் சொன்னார். ஹாரன் அடித்தார். இம்முறை கேட்கிறது என்றார்கள் அவர்கள். ஆனால் எந்தப் பக்கம் என்று இரு தரப்புக்கும் தெரியவில்லை. கத்திக் கத்தி அவர்கள் தொண்டை கட்டியிருந்தது.

அப்போது கேட்டீர்கள், நாங்கள் ஆண்டுக்கணக்கில் கேலி செய்த அந்தக் கேள்வியை. ஐயா, உங்க சட்டைப் பையில என்னென்ன இருக்கு?

மாமனார் ஒவ்வொன்றாகச் சொன்னார். மூக்குக் கண்ணாடி. சீப்பு. மாத்திரை அட்டை. சாவிக்கொத்து. சாவிக்கொத்தில் என்ன இருக்கிறது என்றீர்கள். வீட்டுச் சாவி, பெட்டிச் சாவி, பழைய விசில்.

வேலையை விட்டாலும் விசிலை விடாத நடத்துநர் அவர்! ஊதச் சொன்னீர்கள். ஊதினார். ஒரே ஒரு விசில், நீளமாக. இரண்டு விசில் என்றால் வண்டியை எடு, ஒரு விசில் என்றால் நிறுத்து. பேருந்தில் போய் வளர்ந்த யாருக்கும் இது ரத்தத்தில் ஊறிய பாடம். மூட்டத்துக்குள் அந்த ஒற்றை விசில் கேட்டதும் தன் கை தானாகவே எஞ்சினைத் தணித்துவிட்டதாகச் சுக்கான் இன்றும் சொல்வார். தணித்ததால் எல்லோரும் பிழைத்தார்கள். நாற்பதடி முன்னால், பாறைக்கும் நம் படகுக்கும் நடுவே, விளிம்பு வரை தண்ணீர் நிறைந்த ஒரு படகில் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு மிதவை அங்கிகளும் மாமனார்மீதும் மச்சான்மீதும் இருந்தன. மாப்பிள்ளை அங்கி இல்லாமல் நின்றார். மூவரும் ஏறியபின் அந்தப் படகு மூன்று நிமிடம்கூடத் தாங்கவில்லை.

மறுநாள் தாள்களில் கையெழுத்திட மூவரும் நிலையத்துக்கு வந்தார்கள். மீட்கப்பட்டு வருகிற ஒவ்வொருவரையும் அழைத்துப் போவதுபோல அவர்களையும் அடுத்த அறைக்கு அழைத்துப் போனீர்கள், கதவைச் சாத்தினீர்கள், ஏதோ ஒன்றைக் கேட்டு, உங்கள் பழுப்பு அட்டை நோட்டில் எழுதிக்கொண்டீர்கள். என்ன கேட்டீர்கள் என்பது முப்பத்தோரு ஆண்டுகளாக இந்த நிலையத்தின் ரகசியம். ஆறுதல் சொல்கிறீர்கள் என்று ஒரு கட்சி. மேலிடத்துக்கு அறிக்கை எழுதுகிறீர்கள் என்று ஒரு கட்சி. கைரேகை பார்க்கிறீர்கள் என்று பணிமனையில் ஒரு தனிக் கட்சி.

உங்களிடமிருந்தே கற்ற குணம் சும்மா இருக்க விடுமா? சென்ற வாரம் டைல்ஸ்காரரைத் தேடிப் பிடித்தோம். இதோ, மூன்றாம் வரிசையில் மாமனாருக்கு அருகிலேயே அமர்ந்திருக்கிறார். இருவரும் இப்போது பேசிக்கொள்கிறார்கள் என்று அறிகிறோம். அவர் சொன்னார்: "நான் கேட்டதுல எந்தக் கேள்வி உங்களுக்கு ரொம்ப எரிச்சலா இருந்துச்சுன்னு கேட்டாங்க. சண்டையான்னு கேட்டதுதான்னு சொன்னேன். சந்தோஷமா எழுதிக்கிட்டாங்க."

அவ்வளவுதான் ரகசியம். எரிச்சல் வருகிற இடத்தில் எதையோ மூடி வைத்திருக்கிறார்கள். மூடி வைத்த இடத்தில்தான் படகு இருக்கிறது. ஒன்பதாவது கேள்வி முதல் இருநூற்று நான்காவது கேள்வி வரை அந்த நோட்டில் இருப்பவை எல்லாம், முகம் தெரியாத மனிதர்கள் உங்கள்மீது எரிந்து விழுந்த கேள்விகள். ஏச்சை வாங்கி, அதையே அடுத்தவரின் உயிருக்குக் கயிறாகத் திரித்தவர் நீங்கள்! நேற்று மாலை அந்த நோட்டை எங்கள் மேசைமீது வைத்துவிட்டு, ஃபிளாஸ்கை மட்டும் எடுத்துக்கொண்டு போனீர்கள். பார்த்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நம் வழக்கம் மாறிவிட்டது. மூன்று முறை ஒரே விடை வந்தால் இப்போது சிவப்புக் கோடு போடுவதில்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுகிறோம்.

ஆகவேதான், அக்கா, ஒன்றை இந்த அவையில் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம். ஓய்வுக்குப் பின் என்ன செய்யப்போகிறீர்கள் என்று முந்தாநாள் சுக்கான் உங்களைக் கேட்டார். "நல்லா தூங்கப் போறேன்" என்றீர்கள். நேற்று நிலைய அலுவலர் கேட்டார். "நல்லா தூங்கப் போறேன்." இன்று காலை, பூங்கொத்து கொடுக்கும் சாக்கில் நாங்கள் கேட்டோம். ஒரு சொல் கூடாமல், ஒரு சொல் குறையாமல், அதே விடை. பலகையில் எழுதிவைத்தோம். பழக்க தோஷத்தில் ஒருவர் சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தார். பிறகு மூடிவிட்டார். அது நீங்கள் போய்ச் சேர வேண்டுமென்று குறித்து வைத்திருக்கும் இடம். இப்போது நிற்கும் இடம் வேறெங்கோ எறும்பு எழுத்தில் இருக்கிறது.

நோயற்ற உடலும், நோகாத முதுகும், குறையாத செவியும், கேட்டதற்கெல்லாம் பொறுமையாய்ப் பதில் சொல்லும் சுற்றமும் பெற்று, நூறாண்டு கடந்தும் நீங்கள் நிறைவாழ்வு வாழ வேண்டுமென்று நெஞ்சார வாழ்த்துகிறோம். வாழ்த்திவிட்டு, விட்டுவிடவும் மாட்டோம். இந்த அறையின் எண் உங்களுக்கு மனப்பாடம். கட்டிலில் படுத்துக் கண் மூடாமல் கிடக்கும் எந்த நேரத்திலும் அழையுங்கள். முதல் மணியிலேயே எடுப்போம். எட்டுக் கேள்விகளையும் வரிசையாய்க் கேட்போம். நோட்டைத் திறந்து ஒன்பதாவதையும் கேட்போம்.

எரிச்சல் வந்தால் சொல்லுங்கள், அக்கா. அங்கிருந்துதான் தேடத் தொடங்குவோம்.

உங்கள் குரல் எட்டும் தூரத்தில் என்றும் காத்திருக்கும்,
கட்டுப்பாட்டு அறையினர்,
மீட்புப் படகுக் குழுவினர்,
பணிமனைப் பணியாளர்கள்;
மற்றும், தாங்களும் கையெழுத்திட வேண்டுமென்று கேட்டுக்கொண்டதால்,
ஒரு டைல்ஸ்காரர், அவர் மச்சான், மாமனார்.